பூவுக்கும் முட்டைக்கும் கணக்கில்லை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாள்தோறும் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளை, பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே வீட்டிலிருந்து சாப்பாட்டு டப்பா கொண்டுவர வேண்டியவளாகிவிடுகிறாள். பசி என்னவோ அதே பசிதான். சொல்லப்போனால் பதினாறு வயதில் அது சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு, நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறேன். பள்ளி வாழ்க்கையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மதிப்பெண்ணும் விளையாட்டு விழாவும் பின்னால் போய்விடுகின்றன. மதியம் யார் என்ன சாப்பிட்டோம், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதே முன்னால் வந்து நிற்கிறது.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்ததும் டப்பாக்களின் மூடிகளைக் கழற்றி நடுவில் வைத்துவிடுவோம். சாப்பிடத் தொடங்குமுன் ஆளுக்கொரு கரண்டி, தன் டப்பாவிலிருந்து எடுத்து ஏதாவது ஒரு மூடியில் போட வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, முந்தின நாள் சுண்டக் காய்ச்சிய குழம்பு, யாராவது ஒருத்தி வீட்டில் விருந்தாளி வந்திருந்தால் ஒரு வடை என்று மூடிகள் நிறைந்துவிடும். டப்பா கொண்டுவராதவள் மூடியிலிருந்து சாப்பிடுவாள். கொண்டுவந்தவளும் மூடியிலிருந்து எடுத்துக்கொள்வாள். ஆகவே, தள்ளி நின்று பார்க்கிற யாருக்கும், அன்று எந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்பது தெரியாது. இந்த ஏற்பாட்டை யார் தொடங்கினார்கள் என்று எங்களுக்கே தெரியாது. எங்களுக்கு முந்தைய செட் அக்காமார்களும் இப்படித்தான் சாப்பிட்டார்கள்.

இந்த வட்டத்துக்குள் சில நாள் ஒரு முட்டையும் வந்து சேரும். அரசு முத்திரை குத்திய சத்துணவு முட்டை. எட்டாம் வகுப்பில் படிக்கும் தங்கை ஒருத்தி, தன் தட்டில் விழுந்த முட்டையை உரிக்காமல் எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போவாள். சமையல்கட்டு வாசலில் நிற்கும் ஆயா அதைப் பார்த்தும் பாராதவராகத் திரும்பிக்கொள்வார். ஒரு முட்டையை நான்கு பேருக்குப் பங்கிடக் கத்தி வேண்டுமே, அதற்கு எங்கள் ஊரில் வழி இருக்கிறது. பூக்கட்டும் நூல் யாருடைய பையிலாவது கட்டாயம் இருக்கும். உரித்த முட்டையை நூலால் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு முனையையும் இழுத்தால், மஞ்சள் கரு உதிராமல் இரண்டாகும். திருப்பி வைத்து இன்னொரு சுற்று, நான்கு. கால் முட்டையில் வயிறு நிறையாது என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கால் முட்டை வாயில் போகும்போது வட்டத்தில் எழுகிற சிரிப்பு, அவரவர் வீட்டில் முழு முட்டை சாப்பிடும்போது எழுவதில்லை என்பதும் உண்மை.

நூல் எப்படிப் பையில் இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பகுதி பூவில் பிழைக்கிற பகுதி. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகை, முல்லை, கனகாம்பரம், பிச்சி, சம்பங்கி, மரிக்கொழுந்து எல்லாம் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வருகின்றன. மதுரை மல்லி என்று 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூவில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் பங்கும் உண்டு. மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே, வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். என் வகுப்பில் பலரின் அம்மாக்கள் இருட்டோடு எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறவர்கள். பறித்த எடைக்குத்தான் கூலி. சில பிள்ளைகளும் பறித்துக் கொடுத்துவிட்டு அதன் பிறகுதான் குளித்துப் பள்ளிக்கு வருவார்கள். முதல் பாடவேளையில் அவர்கள் தூங்கி வழிவதற்கு என்ன காரணம் என்று எல்லா டீச்சர்களுக்கும் தெரிவதில்லை.

பூ கொண்டுவருகிறவள் பள்ளிக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் வேலை, தன் தலையில் உள்ள சரத்தை அவிழ்ப்பதுதான். பிரார்த்தனை மணி அடிப்பதற்குள், விரல்களால் அளந்து, நூலைப் பல்லால் கடித்து, துண்டு துண்டாக எடுத்து, முன்னால் நிற்பவளின் இரட்டைச் சடையில் செருகிவிடுவாள். பூ வேண்டுமா என்று யாரும் கேட்பதும் இல்லை, எனக்குக் கொடு என்று யாரும் சொல்வதும் இல்லை. கழுத்தை யாரோ பின்னால் இழுப்பதுபோல் இருக்கும்; திரும்புவதற்குள் மல்லிகை வாசனை வந்துவிடும். பதிமூன்று பேருக்குப் பங்கிட்டுவிட்டுத் தன் தலையில் நான்கு மொட்டோடு நிற்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். முகூர்த்த நாளில் இந்தப் பங்கீடு சுருங்கிவிடும். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்தே குறைந்து விலை எங்கோ ஏறிவிடும். அப்போது ஒரு பூ விடாமல் சந்தைக்குப் போய்விட, வகுப்பில் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் நடமாடும். கொடுப்பது நிற்பதில்லை, பொருள்தான் மாறுகிறது. இருப்பதிலிருந்து கொடு என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அதை இந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சத்துணவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டு நடுவில் பூவுக்குப் போய்விட்டேன். ஒரு பேச்சுப் போட்டிக்காகச் சத்துணவின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த 1920ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தருவதென்று தீர்மானித்தது; ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது அதில் இருந்த வரம்பு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல், மதிய உணவு மாநிலம் தழுவிய திட்டமானது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதைச் செயல்படுத்தினார். ஊர்மக்கள் கொடுத்த நன்கொடையையும் தானியத்தையும் கொண்டுதான் முதலில் பல பள்ளிகளில் அடுப்பு எரிந்தது. பிறகே அரசு செலவில் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிள்ளைகளின் சட்டப்படியான உரிமையாக்கியது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இப்போது எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியிலும் நடக்கிறது.

போட்டியில் இந்த ஆண்டுகளை வரிசையாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். ஆனால் மேடையில் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஊரார் நன்கொடையில் உண்ட பிள்ளை, கொடுத்தவர் தெருவில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று வணங்க வேண்டியிருந்திருக்கும். உரிமையாகச் சாப்பிடுகிற பிள்ளை, சாம்பாரில் உப்புக் குறைவு என்று ஆயாவிடம் சண்டை போடலாம். எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை வறுத்த உருளைக்கிழங்கு தீர்ந்துபோனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற கூச்சல் அலுவலக அறை வரைக்கும் கேட்கும். தலைமையாசிரியருக்கு அது எரிச்சலாக இருக்கும். எனக்கு அந்தக் கூச்சல் பிடிக்கும். கொடுப்பதில் எத்தனையோ வகை இருந்தாலும், வாங்குகிறவர் குறை சொல்ல இடம் தருகிற கொடைதான் உயர்ந்தது என்பது என் எண்ணம். குறை சொல்ல முடியாத இடத்தில் நன்றியும் மனதார வராது.

கொடுத்தால் மகிழ்ச்சி வருமா என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவில் எலிசபெத் டன், லாரா அக்னின் ஆகியோரும் அமெரிக்காவின் மைக்கேல் நார்ட்டனும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை வருகிறது. சிலரிடம் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, மாலை ஐந்து மணிக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் தமக்காகவும் பாதிப் பேர் பிறருக்காகவும் செலவழிக்க வேண்டும். மாலையில் கேட்டபோது, பிறருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை 5 ஆனாலும் 20 ஆனாலும் அதில் வேறுபாடு தெரியவில்லை. அக்னினும் டன்னும் கைலி ஹாம்லினும் 2012இல், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளைக் கொண்டு இன்னொரு சோதனை செய்தார்கள். குழந்தையிடம் தின்பண்டத்தைக் கொடுத்து, அதை ஒரு கைப்பொம்மைக்குக் கொடுக்கச் சொல்லி, அதன் முகத்தைப் படம் பிடித்தார்கள். தனக்குக் கிடைத்தபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது குழந்தையின் முகம் மலர்ந்தது. அதிலும் வேறு யாரோ வைத்திருந்த பண்டத்தை எடுத்துக் கொடுத்தபோதைவிடத் தன் பங்கிலிருந்தே கொடுத்தபோது இன்னும் மலர்ந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பூக்காரப் பெண்களின் முகம்தான் நினைவுக்கு வந்தது. நான்கு மொட்டோடு நிற்பவளின் முகமும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு கேள்வியும் கூடவே வந்தது. முதல் சோதனையில் அளக்கப்பட்டது கொடுத்தவரின் மனம். வாங்கியவரை யாரும் அளக்கவில்லை. இரண்டாவதில் வாங்கியது ஒரு பொம்மை. பொம்மைக்குக் கூச்சம் கிடையாது. அதன் கையில் எதை வைத்தாலும், எத்தனை பேர் முன்னால் வைத்தாலும், அது அப்படியே இருக்கும். பள்ளிக்கூடத்தில் கொடுக்க வருகிறவர்களில் சிலர் எங்களையும் அந்தப் பொம்மை வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.

நான் நடுநிலைப் பள்ளியில் படித்தபோது வெளியூர் அமைப்பு ஒன்று நோட்டும் புத்தகப்பையும் கொடுக்க வந்தது. விருந்தினர்களுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள், எங்களுக்கு மைதானம். அவர்கள் வருவதற்குத் தாமதமாகிவிட்டது, அதனால் பத்து மணி வெயில் பன்னிரண்டு மணி வெயிலாயிற்று. வந்த பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். பெயரோடு, “அப்பா இல்லை”, “அம்மா கூலி வேலை” என்று ஒலிபெருக்கியில் சேர்த்துச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. பையின் ஒரு காதை விருந்தினர் ஒருவர் பிடித்துக்கொள்ள, மறு காதை நான் பிடித்துக்கொள்ள, புகைப்படக்காரர் “இங்க பாரும்மா, சிரி” என்றார். சரியான படம் கிடைக்கும்வரை விருந்தினர் பையை விடவில்லை. அந்தப் படம் பிறகு ஊர் வாட்சப் குழுவில் வந்தது. என் அம்மாச்சி போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஏண்டி, அந்தப் பைக்கு ரெண்டு பேரும் ஏன் சண்ட போடுறீங்க?” என்று கேட்டார். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். பை நல்ல பைதான். இரண்டு ஆண்டு உழைத்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையைப் பிள்ளைகள் யாரும் மகிழ்ச்சியோடு தோளில் மாட்டிக்கொண்டு போனதாக எனக்கு நினைவில்லை. அதன் மேல் அமைப்பின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால், நாம் யார் என்று நம் முதுகு எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டே போகும்.

அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், படம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் கொடுக்க மாட்டார்கள். அடுக்கி வைத்த பைகளைப் படம் எடுத்தால் கணக்கு வராதா என்பதுதான் என் கேள்வி. மின்விசிறியின் இறக்கையில் “உபயம்” என்று எழுதிவைக்கிற பழக்கத்தைக்கூட நான் அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டேன். சுற்றத் தொடங்கினால் பெயர் மறைந்துவிடும்.

திருக்குறளின் ஈகை அதிகாரத்திலிருந்து பேச்சுப் போட்டிகளில் எல்லோரும் சொல்வது “ஈத்துவக்கும் இன்பம்” என்று தொடங்கும் குறளை. எனக்கு அதே அதிகாரத்தில் மூன்றாவதாக வரும் குறள்தான் பள்ளிக்கூடத்துக்கென்றே எழுதியதுபோல் தோன்றுகிறது:

இலனென்னும் எவ்வம் உரையாமை ஈதல்
குலனுடையான் கண்ணே யுள.

பரிமேலழகர் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் சொல்கிறார். அவற்றில் ஒன்று, “என்னிடம் இல்லை” என்ற துன்பச் சொல்லை ஒருவன் வாய்திறந்து சொல்வதற்கு முன்னே, அவன் குறிப்பை அறிந்து கொடுத்துவிடுவது. எங்கள் தமிழ் டீச்சர் வேறு பொருளைத்தான் தேர்வுக்கு எழுதச் சொன்னார். தேர்வில் அதையே எழுதினேன். மற்ற நேரங்களில் நான் இந்தப் பொருளையே வைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பொருளுக்கு விளக்கம் வேண்டுமானால் எங்கள் வகுப்பின் பீரோவைத் திறந்து பார்க்கலாம். கீழ்த்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கும் என்றால், பேனா ரீஃபில், ஊக்கு, பாதி தீர்ந்த அழிப்பான், பச்சை ரிப்பன், ஹேர்பின், தலைவலி மாத்திரை (மாத்திரை வைக்கக்கூடாது என்று டீச்சர் எடுத்துவிடுவார், மறுநாள் மறுபடியும் வந்துவிடும்), அப்புறம் ஒரு துணிப்பையில் நாப்கின். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், இருப்பவர்கள் வைக்கலாம். பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கை கிடையாது, திருப்பித் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. ரிப்பன் கட்டாமல் வந்தால் உடற்கல்வி டீச்சர் பிரார்த்தனை வரிசையிலேயே தனியே நிறுத்திவிடுவார். வீட்டில் ரிப்பன் இல்லாத பிள்ளைக்கு அது அன்று முழுவதும் மறையாத வெட்கம். டின் இருப்பதால் அது ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகிற விஷயம். நாப்கின் எங்களுக்கு அரசே இலவசமாகத் தருகிறது. ஆனால் அது வருகிற நாளும் தேவைப்படுகிற நாளும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. முன்பெல்லாம் அப்படிப்பட்ட நாளில் பெண்கள் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடுவார்களாம். இப்போது “பீரோவைத் திறக்கவா டீச்சர்?” என்ற ஒரு கேள்வியோடு முடிந்துவிடுகிறது. எந்த டீச்சரும் எதற்கு என்று கேட்பதில்லை.

கணக்கு வைக்காவிட்டால் எல்லோரும் எடுத்துக்கொண்டு யாரும் வைக்க மாட்டார்கள் என்று ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பேச்சு வந்தது. டின் காலியான நாட்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காலியாகவே கிடந்துவிடவில்லை. எடுத்தவர்களில் சிலர் வைக்கிறார்கள், எடுக்காதவர்களில் சிலரும் வைக்கிறார்கள், ஒரு முறை அலமாரித் தட்டில் ஒரு முழுப் பாக்கெட் ஊக்கு இருந்தது; இன்றுவரை யார் வைத்தது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. தெரியாமல் இருப்பதால்தான் வகுப்பில் ஒவ்வொருவரையும் “இவளாக இருக்குமோ” என்று பார்க்க முடிகிறது.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பாசிரியை செய்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். உதவித்தொகைப் பட்டியல் எடுக்கும் நாளில், “அப்பா இல்லாதவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்று கேட்டுக் கணக்கெடுக்கிற வழக்கம் இன்னும் சில வகுப்பறைகளில் இருக்கிறது. கேட்பவருக்கு அது நேரம் மிச்சம். எழுந்து நிற்பவளுக்கு, உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டிருப்பது போலவே இருக்கும். எங்கள் டீச்சர் எல்லோருக்கும் ஒரு துண்டுத் தாள் கொடுத்துவிடுவார். எல்லோரும் எழுதி மடித்துத் தர வேண்டும். எழுத ஒன்றும் இல்லாதவர்கள் பிடித்த காய்கறியின் பெயரையாவது எழுதித் தர வேண்டும். எல்லோர் பேனாவும் ஓடிக்கொண்டிருப்பதால் யார் என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாது. அந்தத் தாள்களைப் படிக்கும்போது டீச்சர் நடுநடுவே புன்னகைப்பார். அது கத்திரிக்காயாக இருக்கும்.

பள்ளியில் மகிழ்ச்சியைத் தனிப் பாடமாகவே வைக்கலாம் என்று தில்லி அரசு 2018இல் தன் பள்ளிகளில் ஒரு பாடவேளையை ஒதுக்கியது. நல்ல முயற்சியாகத்தான் தெரிகிறது. எங்களுக்கு அப்படி ஒரு வேளை கிடைத்தால் இயற்பியல் டீச்சர் அதைக் கடன் வாங்கிக்கொள்வார் என்பது வேறு விஷயம். என் அனுபவத்தில் பள்ளிக்கூடத்தில் மனம் நிறைகிற நேரங்களைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலும் அங்கே ஏதோ ஒன்று கைமாறியிருக்கும். அதைவிட முக்கியம், அது ஒரே திசையில் போயிருக்காது.

என் பக்கத்தில் உட்காரும் தோழியின் வீட்டில் வருமானம் என்பது அவள் அம்மா பறிக்கிற பூவின் எடைதான். சைக்கிள் அரசு கொடுத்தது, பாடநூல் அரசு கொடுத்தது, சீருடை பள்ளி முடித்த அக்கா ஒருவர் கொடுத்தது. பதிவேட்டைப் பார்த்தால் அவள் வாங்குகிறவள். ஆனால் முக்கோணவியல் என்று வந்துவிட்டால் வகுப்பே அவள் மேசையைச் சுற்றி நிற்கும். பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவரின் மகளும் அந்தக் கூட்டத்தில் நோட்டோடு நிற்பாள். “இதை இப்படி மாத்துடி, சைன் போய் காஸ் வருதா, அவ்வளவுதான்” என்று அவள் சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு தாராளம் இருக்கும். வள்ளல் என்ற சொல்லைப் பாடநூலில் படித்தபோது தேரும் யானையும் மனதில் வந்தன. இப்போது சாக்பீஸ் தூள் படிந்த அவள் விரல்தான் வருகிறது. வாங்கிக்கொண்டே இருக்கிற ஒருவரிடம் கொடுக்கவும் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை அவரிடம் கேட்டு வாங்குவது பெரிய உதவி. நான் கேட்கிறேன், எனக்கு முக்கோணவியல் உண்மையிலேயே வராது என்பதால் அதில் நடிப்பு எதுவும் தேவைப்படுவதில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் நானும் சேர்ந்திருக்கிறேன். காந்தி நூற்றாண்டில், 1969இல், பல்கலைக்கழக மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட திட்டம் அது; பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு வார முகாம் நடக்கும், கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்வோம், கருவேலஞ்செடி வெட்டுவோம், மரக்கன்று நடுவோம். அதில் எனக்குப் பிடித்த பகுதி, வேலை முடிந்ததும் அந்த ஊர்ப் பாட்டிமார்கள் மோரும் மாங்காய்த் துண்டும் கொண்டுவந்து கொடுப்பது. அவர்களுக்கு உதவப் போன எங்களை அவர்கள் உபசரித்து அனுப்பிவிட்டார்கள். தொண்டு செய்துவிட்டோம் என்ற பெருமைக்கு அங்கே அதிக இடம் கிடைக்கவில்லை.

இந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு நோட்டுப் புத்தகங்கள் தருவதாக ஊரில் கடை வைத்திருக்கும் ஒருவர் முன்வந்தார். அப்போது எனக்கும் தோழிகளுக்கும் பழைய பையின் நினைவு வந்துவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மை என்பதால், அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினோம். விடுநர், பெறுநர், பொருள் என்று தமிழ்த் தாளில் மதிப்பெண்ணுக்காகவே எழுதிவந்த கடிதம் முதல்முறையாக ஒரு வேலைக்குப் பயன்பட்டது. மேடை வேண்டாம், பெயர் சொல்லி அழைக்க வேண்டாம், நோட்டுகளை முந்தின நாள் மாலையே வகுப்பாசிரியர்களிடம் கொடுத்துவிட்டால் காலையில் ஒவ்வொரு மேசையிலும் அவை இருக்கும், வசதி உள்ளவர் இல்லாதவர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒன்றுபோல் கொடுக்க வேண்டும், போதாவிட்டால் ஆளுக்கு ஒன்று குறைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தோம்.

குழுவில் ஒருவர், “கொடுக்கிறவரை மேடை ஏத்தாம அனுப்பினா மரியாதையா இருக்குமா?” என்று கேட்டாராம். அதுவும் நியாயமான கேள்வி. தலைமையாசிரியர் கடைக்காரரை அலுவலக அறைக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, நோட்டுக் கட்டுகளோடு அவரை மட்டும் நிறுத்திப் படம் எடுப்பதாக முடிவாயிற்று. கடைக்காரரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். உண்மையில் அவருக்கு மேடையில் பேசவே பயமாம். அட்டையில் தன் கடைப் பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. தலைமையாசிரியர் சரி என்றுவிட்டார். எங்களுக்கும் அதில் மறுப்பு இல்லை. எப்படியும் எல்லா நோட்டுக்கும் பழுப்புத்தாள் அட்டை போட்டாக வேண்டும் என்பது பள்ளி விதி.